ஆலுவா சாலையில் கொதித்த வண்டி

போன மாதம் என் தங்கை மகன் தன் காரை ஒர்க்ஷாப்பில் விட்டான். எஞ்சின் சூடாகிறது, ஆனால் எப்போதும் இல்லை. அதற்குத் தோன்றும்போது ஆகிறது. முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். வண்டி சூடானது. வாட்டர் பம்பை மாற்றினார்கள். சூடானது. ஃபேன் மோட்டாரை மாற்றினார்கள். அதற்கும் அசையவில்லை. நடுநடுவே ஒரு கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தார்கள். அது எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டது. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்த மெக்கானிக் ஒருவர் என்னிடம் மரியாதையாக, "உங்க காலத்துல எஞ்சின் சத்தத்தைக் காதால கேட்டே கேடு என்னன்னு சொல்லிடுவீங்களாமே, அதையெல்லாம் எழுதி வைக்கக்கூடாதா?" என்று கேட்டார்.

காதால் கேட்டே சொல்லும் மெக்கானிக் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்று இவர்கள் பாகத்தை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். அன்று பாகம் கிடைக்காது, அதனால் வாயால் மாற்றிக்கொண்டிருந்தோம். திங்கட்கிழமை கார்புரேட்டர் என்போம், செவ்வாய்க்கிழமை டைமிங் என்போம், புதன்கிழமை பெட்ரோலில் கலப்படம் என்போம். பழைய காலத்து மெக்கானிக் என்றால் மகான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானே பழைய காலத்து மெக்கானிக்தான். முப்பத்து மூன்று வருஷம் இந்த வேலையைச் செய்தேன். எழுதச் சொன்னதால் எழுதுகிறேன், படித்துவிட்டு என்னைத் திட்டக்கூடாது.

எங்கள் குடும்பம் என் தாத்தா காலத்திலேயே மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்டது. பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்டதால் தோப்பும்படி போகும் சாலையில் இருந்த ஒரு ஒர்க்ஷாப்பில் சேர்ந்தேன். முதல் ஐந்து வருஷம் கழுவினேன், துடைத்தேன், திட்டு வாங்கினேன். அதில் எழுத ஒன்றுமில்லை. எழுபதுகளின் நடுவில் நான் தனியாக எஞ்சின் பிரிக்கிற ஆளாகிவிட்டேன். அதோடு வாயும் வளர்ந்துவிட்டது. என் கைக்காக வந்தவர்களைவிட என் வாய்க்குப் பயந்து போனவர்கள் அதிகம் என்று ஒர்க்ஷாப்பில் கேலி செய்வார்கள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வாய்க்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். வில்லிங்டன் தீவுத் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு அதிகாரிக்குப் பதவி உயர்வு வந்தது. உடனே தன் பதவியின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிய பலகை ஒன்றைக் காரின் முன்பக்கக் கம்பிவலையில் மாட்டிக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து கார் கொதிக்க ஆரம்பித்தது. தீவுக்குப் போகும் பழைய பாலம் கப்பலுக்காகத் திறந்திருக்கும்போது வரிசையில் நின்றால் ஐந்தே நிமிஷத்தில் ஆவி வந்துவிடும். ரேடியேட்டருக்குக் காற்று போகிற வழியை முழுக்கப் பலகை அடைத்துக்கொண்டிருக்கிறது. நான் பலகையைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, "இதைச் சட்டையில குத்திக்கோங்க சார், வண்டிக்குப் பதவி வேண்டாம்" என்றேன். ஒர்க்ஷாப்பே சிரித்தது. மனிதர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. எனக்கு ஒரு வாரம் சோறு இனித்தது.

அன்று சிரிக்காத ஒரே ஆள் எங்கள் ஃபோர்மேன் ஔசேப்பேட்டன்.

ஔசேப்பேட்டனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். வெள்ளை முண்டு, வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு துண்டு. நான் சேர்ந்த காலத்திலேயே அவர் வண்டிக்கு அடியில் போவதை நிறுத்திவிட்டார். வண்டி வந்தால் முதலில் வந்தவரைப் பார்த்து, "சாயா குடிச்சோ?" என்பார். சாயா வரும். பிறகு பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார், காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பது மாதிரி. பிறகு நோயைச் சொல்வார். அந்த நோய் என்னவாக இருந்தாலும் வண்டிக்காரர் செய்த தப்பாக மட்டும் இருக்காது. கிளச்சிலிருந்து காலையே எடுக்காமல் ஓட்டித் தீய்த்துக்கொண்டு வந்த வக்கீலிடம், "இப்ப வர்ற கிளச் பிளேட்டே சரியில்ல, சார் என்ன செய்வீங்க" என்பார். எண்ணெய் மாற்றாமல் எஞ்சினைப் பாழாக்கிய ஆசிரியையிடம், "வண்டிக்கு வயசாச்சு டீச்சரே" என்பார். வண்டிக்காரர் போனதும் எங்களிடம் உண்மையான காரணத்தைச் சொல்லிச் சரி செய்ய வைப்பார். எனக்கு இது சோப்புப் போடுவதாகத்தான் தெரிந்தது. இருபது பேருக்குச் சோறு போடும் ஒர்க்ஷாப்பை அந்தச் சோப்பு நுரைதான் தாங்குகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. முதுகுக்குப் பின்னால் அவரை நான் சோப்பு ஃபோர்மேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி நடராஜ முதலாளியின் வண்டி. எழுபதுகளின் கடைசி. முதலாளி தமிழர், பஜாரில் சுக்கும் மஞ்சளும் மொத்த வியாபாரம். அவரிடம் பழைய அம்பாசிடர் ஒன்று இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பம் முழுவதும் அதில் ஏறி ஆலுவாவில் இருந்த அவர் மாமனார் வீட்டுக்குப் போகும். ஓட்டுநர் வேலப்பன். முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசாத ஆள். அம்மா பாலக்காட்டுத் தமிழ், அப்பா மலையாளி. முதலாளியின் கிடங்குக்குப் பின்னால் ஒற்றை அறையில் மனைவியும் இரண்டு பெண்களுமாகக் குடியிருந்தான். வேலை இருக்கும்வரை அறை என்பதுதான் பேச்சு.

அந்த வண்டி ஆலுவா போகிற வழியில் கொதித்தது. எடப்பள்ளி தாண்டி, களமசேரி வருவதற்குள் சூடு காட்டும் முள் ஏறி ஆவி அடித்துவிடும். ஓரமாக நிறுத்தி, முக்கால் மணி நேரம் காத்திருந்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டு போவார்கள். ஆனால் எல்லா ஞாயிறும் இல்லை. ஊருக்குள் ஒருநாளும் கொதித்ததில்லை. முதலாளியின் மச்சினர் கோபு ஒருநாள் தனியாக ஆலுவா வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினார். ஒரு சொட்டு ஆவி இல்லை. முதலாளி அதோடு தீர்ப்பு எழுதிவிட்டார்.

"வண்டியில ஒரு கேடும் இல்ல. ஓட்டறவன்கிட்டதான் கேடு" என்று எங்கள் ஒர்க்ஷாப்பில் வந்து சொன்னார். வேலப்பன் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். "தண்ணி பார்க்கறதில்ல, கியர் மாத்தத் தெரியல. கோபு ஓட்டினா கொதிக்கல, இவன் ஓட்டினா கொதிக்குது. இதுக்கு மேல என்ன வேணும்? நீங்க ஒருதடவை பாருங்க ஔசேப்பேட்டா. வண்டி சரியா இருக்குன்னு நீங்க சொல்லிட்டா வர்ற ஒண்ணாம் தேதியோட இவனை அனுப்பிடறேன்."

இப்படி ஒரு குடும்பத்தின் கூரையைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்துவிட்டு மனிதர் சாயா குடித்துவிட்டுப் போனார். வேலப்பன் வண்டிச் சாவியைக் கொடுக்கும் சாக்கில் என் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, தண்ணி நோக்காம நான் ஒருநாளும் வண்டி எடுத்ததில்ல. மூத்தவ இப்பத்தான் அஞ்சாம் கிளாஸ். தங்கியிருக்கற அந்த ஒத்தை முறி போச்சுன்னா எங்க போவேன்? வண்டியில கேடு உண்டுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"கேடு இருந்தாச் சொல்லுவேன், இல்லாட்டிச் சொல்லமாட்டேன்" என்றேன். எத்தனை பெரிய நீதிமான் பாருங்கள்.

முறைப்படி ஆரம்பித்தேன். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன், தொய்வு அளவாக இருந்தது. ஹோஸ்கள் இரண்டையும் பிசைந்து பார்த்தேன், உள்ளே உரியவில்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, சாயாக் கடையில் கொதிக்கும் பாத்திரத்தில் போட்டு, கடைக்காரரின் முணுமுணுப்புக்கு நடுவே அது திறக்கிறதா என்று பார்த்தேன், திறந்தது. எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டர் வாயில் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கும்; வரவில்லை. டைமிங் சரி. ரேடியேட்டரை ஔசேப்பேட்டன் மேற்பார்வையில் மேலிருந்து ஹோஸ் வைத்துக் கழுவினார்கள். தண்ணீர் கீழே தாராளமாக வந்தது. "கிளீன்" என்றார் அவர். தோப்பும்படி வரை மூன்று தடவை ஓட்டினேன். முள் நடுவிலேயே படுத்திருந்தது. இரண்டு நாள் போய்விட்டது. வேலப்பன் காலையிலும் மாலையிலும் வந்து வாசலில் நிற்பான். அவன் நிற்பது எனக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் நாள்தான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை வண்டியில யாரெல்லாம் ஏறுவாங்க?"

வேலப்பன் விரல் விட்டு எண்ணினான். முதலாளி, முதலாளியம்மா, பேரப்பிள்ளைகளுக்காக மகளோடு தங்கியிருந்த அவருடைய அம்மா, முதலாளியின் தங்கை, மூன்று பிள்ளைகள். ஏழு பேர், அவன் எட்டு. டிக்கியில் மாமனார் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி. பரீட்சை சமயத்தில் தங்கையும் பிள்ளைகளும் வரமாட்டார்கள். அந்த ஞாயிறுகளில் வண்டி கொதித்ததா என்று கேட்டேன். யோசித்துவிட்டு இல்லை என்றான்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். கோபு தனியாக ஓட்டினார் என்பதை எல்லோரும் வேலப்பனுக்கு எதிரான சாட்சியாகவே கேட்டோம். தனியாக என்ற வார்த்தை ஒருவர் காதிலும் விழவில்லை. முதலாளி வியாபாரி, மூட்டைக் கணக்கிலேயே வாழ்கிறவர். அவர் மாமியார் என்ன எடை இருப்பார் என்று அவருக்குத் தெரியாதா? நான் மட்டும் என்ன, மெக்கானிக் என்று பெயர். இரண்டு நாள் காலி வண்டியைத் தோப்பும்படிக்கு உலாவக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

முதலாளியிடம் போய் ஒரு சோதனை வேண்டும் என்றேன். குடும்பத்துக்குப் பதில் அவர் கிடங்கிலிருந்து சுக்கு மூட்டை, ஓட்டுவது கோபு, பக்கத்தில் நான். "கொதிக்காது, வேணும்னா பார்த்துக்கோ" என்று அனுப்பினார். மாமியாருக்கு ஒன்றரை மூட்டை வைத்தேன். மத்தியான வெயிலில் கிளம்பினோம். எடப்பள்ளி தாண்டியதும் கோபுவை நாற்பத்தைந்து மைல் வேகத்தில் நிற்காமல் ஓட்டச் சொன்னேன். களமசேரிக்கு முன்பே முள் ஏறியது. கோபு முகத்தில் வேர்வை ஏறியது. ஓரம் கட்டும்போது ஆவி பானெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஓட்டியது வேலப்பன் இல்லை. கோபு, "இது எப்படி?" என்று என்னையே கேட்டார்.

எஞ்சினை அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் முன்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து ஓரத்திலிருந்து ஓரம் வரை நகர்த்தினேன். இரண்டு பக்கமும் கை வைக்க முடியாத சூடு. நடுவில் ஒரு சாண் அகலத்துக்குச் சூடே இல்லை. சூடில்லை என்றால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. பாதிக் குழாய்கள் அடைத்துக் கிடக்கின்றன. மீதிப் பாதி, காலி வண்டிக்கும் ஊர்ச் சுற்றலுக்கும் போதும். எட்டுப் பேரும் அரிசி மூட்டையும் நெடுஞ்சாலையும் சேர்ந்தால் போதாது. இந்தக் கை வைக்கும் வேலையை முதல் நாளே செய்திருக்கலாம். ஔசேப்பேட்டன் கிளீன் என்று சொன்னதால் செய்யவில்லை. சோப்பு ஃபோர்மேன் என்று கேலி பேசிய ஆளின் வார்த்தையை எனக்கு வசதியான இடத்தில் மட்டும் நம்பியிருக்கிறேன்.

மறுநாள் ரேடியேட்டரைக் கழற்றி, ஈயப் பற்று வைப்பவரிடம் கொடுத்து மேல் தொட்டியைப் பிரித்தோம். பிரித்ததும் ஒர்க்ஷாப் முழுக்கக் கல்யாணச் சமையல் வாசனை. குழாய்களின் வாயில், அம்மியில் அரைத்து மறந்துபோன விழுது மாதிரி, மஞ்சள் கெட்டிப்பட்டுக் கிடந்தது.

புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரேடியேட்டரில் ஊசிமுனை ஓட்டை விழுந்து ஒழுகினால் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போடுவது அந்தக் காலத்து வழக்கம். சூட்டில் ஊறி ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். பற்று வைக்கிறவரை தாங்கும். எங்கள் ஒர்க்ஷாப் அலமாரியிலும் ஒரு டப்பா இருந்தது. ஆனால் ஒரு சிட்டிகை என்பது மஞ்சளை விலை கொடுத்து வாங்குகிறவனுக்கு. நடராஜ முதலாளிக்குக் கிடங்கு நிறைய மஞ்சள். வண்டி நிற்கிற இடத்தில் ஈரம் பார்த்த நாளெல்லாம், அதுவும் முதல்தரச் சரக்கை, கைப்பிடி கைப்பிடியாக அவரே போட்டிருக்கிறார். ஒழுகல் நின்றுவிட்டது. தண்ணீர் ஓடுவதும் நின்றுவிட்டது.

"உனக்குத் தெரியுமா?" என்று வேலப்பனைக் கேட்டேன்.

அவன் தரையைப் பார்த்தான். "கண்டிருக்கேன் அண்ணே. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்து முதலாளியே இடுவார். வேண்டாம்னு நான் எப்படிச் சொல்றது? ஒருதடவை மெல்லச் சொன்னேன். 'என் சரக்குக்கு நீ குத்தம் சொல்றியா'ன்னார்."

ஔசேப்பேட்டன் தொட்டியைக் குனிந்து பார்த்தார். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சுந்தரா, துரு அடைச்சிருக்குன்னு போய்ச் சொல்லு. பழைய வண்டி, ரேடியேட்டர் கோர் மாத்தணும்னு சொல்லு. அவ்வளவு மதி, போதும். மஞ்சள்னு ஒரு வார்த்தை வேண்டாம். வண்டியில கேடு இருந்தது, வேலப்பன் மேல தப்பில்ல. அவனுக்கு வேண்டியது அது மட்டும்தானே?"

வேலப்பனும் பின்னாலேயே வந்தான். "ஆமாண்ணே, துருன்னே இருக்கட்டும்" என்றான்.

நான் கேட்கவில்லை. எட்டு வாரமாக ஒரு மனிதனைத் திருடனைப் போல நிற்க வைத்தவர், காரணமே தான்தான் என்று தெரியாமல் தப்பித்துப்போவதா? அது நியாயமா? இப்படியெல்லாம் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அவ்வளவு அழகானது இல்லை. ஏழு பேருக்குப் பதில் சுக்கு மூட்டை ஏற்றிக் கண்டுபிடித்த என் சாமர்த்தியம் துருவுக்குள் மறைந்து போவதை என்னால் தாங்க முடியவில்லை. அதுதான் விஷயம்.

காலை பதினோரு மணிக்கு முதலாளியின் கடைக்குப் போனேன். அது தரகர்களும் வியாபாரிகளும் கூடுகிற நேரம். தெரிந்தேதான் போனேன். மஞ்சள் கட்டியை ஒரு காகிதத்தில் வைத்து அவர் மேசையில் பிரித்தேன்.

"சரக்கு எப்படி முதலாளி? முதல்தரம்தானே? உங்க ரேடியேட்டருக்குள்ள இருந்து எடுத்தது. கேடு ஓட்டறவன் கையில இல்ல, போட்டவர் கையில. இதுல கொஞ்சம் சாம்பாருக்கும் அனுப்பிவிடவா?"

ஒரு தரகர் வெடித்துச் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி காகிதத்தைப் பார்த்தபடியே இருந்தார். காதுமடல் சிவந்துவிட்டது. "சரி, வண்டியைச் சரி பண்ணிக் கொடு" என்று மட்டும் சொன்னார். நான் பஜாரில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்தேன்.

வண்டி சரியாயிற்று. அதற்குப் பிறகு அது கொதித்ததே இல்லை. இரண்டு நாளில் வேலப்பனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். காரணம், வீட்டு விஷயத்தை ஒர்க்ஷாப்பில் போய்ச் சொன்னான் என்பது. முதல்தரச் சரக்கை அவரே கையால் போட்டது அவனைத் தவிர யாருக்குத் தெரியும்? அறையைக் காலி செய்ய ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள்.

ஔசேப்பேட்டன் என்னைத் திட்டவில்லை, எனக்கும் சேர்த்துச் சாயா சொன்னார். திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். மாலை நானே கிளம்பி முதலாளி வீட்டுக்குப் போனேன். அவர் தனியாக இருந்தார். வேலப்பன் எதுவும் சொல்லவில்லை, தொட்டியைப் பிரித்தபோது நானே கண்டுபிடித்தேன், அவன் துரு என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சினான், நான் பேசியது தப்பு என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை அப்படிப் பேசினேன்.

அவர் கேட்டுக்கொண்டார். கோபமே இல்லாமல் பதில் சொன்னார்.

"அன்னைக்கு நாலு பேர் முன்னால சொன்னே. இப்பத் தனியா வந்து சொல்றே. நாளைக்குப் பதினோரு மணிக்குக் கடைக்கு வா சுந்தரம். எல்லாரும் இருப்பாங்க. அது துருதான், நான் விளையாட்டுக்குச் சொன்னேன்னு அங்க சொல்லு. வேலப்பன் இருந்துட்டுப் போகட்டும்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை சட்டை மாற்றிக்கொண்டேன். அந்தத் தரகர் மறுபடி சிரிப்பார், இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன். இவ்வளவு சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, ஊர் முன்னால் தெரியாதவன் மாதிரி நிற்க வேண்டுமா என்று நினைத்தேன். பொய் சொல்லக்கூடாது என்றுகூட நினைத்தேன். பத்தே முக்காலுக்கு அழுக்குச் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு ஒரு வண்டியின் அடியில் போய்ப் படுத்தேன். அந்த வண்டியில் எனக்கு வேலை எதுவும் இல்லை. பன்னிரண்டு மணி சங்கு ஊதும்வரை அங்கேயே கிடந்தேன்.

சனிக்கிழமை சாமான்களை உந்துவண்டியில் ஏற்றிக்கொண்டு வேலப்பன் குடும்பத்தோடு எங்கள் வாசல் வழியாகப் போனான். ரயிலேறிப் பாலக்காட்டுக்கு, அம்மா வீட்டுக்கு. வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நீங்க வருவீங்கன்னு முதலாளி சொன்னார்ணே. பதினோரு மணிக்கு நானும் கடை வாசல்ல நின்னேன். ஒரு மணி வரைக்கும் நின்னேன்."